அடாப்டர் வாங்கிக்கொள் என்னும் உபதேசம்

மின்னணுச் சாதனங்களைத் தன் கையாலேயே செய்து பார்க்க வேண்டும் என்ற ஆவல் கொண்ட இளைஞன் ஒருவன், முதற்காரியமாக எதைத் தொடங்கலாம் என்று விஷயம் தெரிந்தவர்களை அணுகிக் கேட்பானானால், இந்நாளில் அவனுக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: விளக்கை மினுக்கிப் பார், உணர்கருவி ஒன்றை இணைத்துப் பார், சின்னதாக ஓர் ஆம்ப்ளிஃபையர் கட்டிப் பார், அவற்றுக்கு மின்சாரம் தருகிற பகுதியைப் பற்றி மட்டும் மண்டையை உடைத்துக்கொள்ளாதே, ஐந்து வோல்ட் அடாப்டர் கடையில் கிடைக்கிறது, வாங்கிக்கொள். டிரான்ஸ்ஃபார்மரையும் நான்கு டயோடுகளையும் ஒரு கண்டன்சரையும் வைத்துக்கொண்டு பவர் சப்ளை கட்டுவது போன தலைமுறையின் வேலை என்று இந்த உபதேசத்துக்கு வியாக்கியானமும் உடனே வரும். கடைக்காரரிலிருந்து கல்லூரி ஆசிரியர் வரைக்கும் இப்படியே சொல்லுவதால் இது இப்போது மறுப்பாரற்ற பொது அபிப்பிராயமாகவே நிலைத்துவிட்டது. அந்த அபிப்பிராயம் பிழையானது என்பதும், தொடக்கக்காரன் முதலில் கட்டவேண்டியதும் கட்டியபின் கோளாறு பார்த்துத் தேறவேண்டியதும் அந்தப் பவர் சப்ளையையே என்பதும் என் கட்சி.

எதிர்க்கட்சியார் மூடர்கள் அல்லர். அவர்கள் சொல்லும் காரணங்களில் உண்மை உண்டு. ஒரு டிரான்ஸ்ஃபார்மரின் விலைக்குள்ளேயே ஆயத்தமான அடாப்டர் ஒன்று கிடைத்துவிடுகிறது. பழைய முறைப்படி கட்டிய சப்ளை, தான் வாங்கும் மின்சக்தியில் பாதிக்கு மேல் வெறும் உஷ்ணமாக்கி வீணடிக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 230 வோல்ட் ஓடும் கம்பியின் அருகே அனுபவமற்ற கையை அனுப்புவது அபாயம். முதலிரண்டையும் நான் மறுக்கவே போவதில்லை. மூன்றாவதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம். ஆனால் இந்த மூன்றும் உண்மையாக இருப்பதனாலேயே, கற்றுக்கொள்பவன் எங்கே தொடங்க வேண்டும் என்ற கேள்வி தீர்ந்துவிட்டதாக அவர்கள் கொள்வதுதான் வியப்பு. மலிவாக மின்சாரம் பெறுவது எப்படி என்று அவன் கேட்கவில்லையே!

நம் நாட்டில் ஒரு காலத்தில் இந்த வித்தையில் இறங்கியவர்களில் பலர் முதலில் செய்தது பேட்டரி எலிமினேட்டர். டிரான்சிஸ்டர் ரேடியோ பரவிய நாட்களில், மாதந்தோறும் செல் வாங்கும் செலவைத் தவிர்ப்பதற்காக, ஆறு வோல்ட்டோ ஒன்பது வோல்ட்டோ தரும் சிறு பெட்டி ஒன்றைச் செய்து வைத்துக்கொள்வார்கள். தேவைதான் அவர்களை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. தேவை இன்று போய்விட்டது என்பது மெய். ஆனால் அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் அதோடு சேர்த்து வேறொன்றையும் சம்பாதித்துக்கொண்டார்கள். பின்னால் அவர்களில் சிலர் டெலிவிஷன் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தபோது எந்த இடத்தில் மீட்டரை வைப்பது என்று திகைக்காமல் இருந்ததற்கு அதுவே காரணம். அந்தச் சம்பாத்தியம் என்ன என்பதைப் பொதுப்படையாகச் சொன்னால் விளங்காது. ஒரு சுற்றை எடுத்துக்கொண்டு கணக்கோடு பார்ப்பதே தகும்.

230 வோல்ட்டை 9 வோல்ட்டாகக் குறைக்கும், 1 ஆம்பியர் தாங்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று. பாலமாகக் கட்டிய நான்கு 4007 டயோடுகள். 1000 மைக்ரோஃபாரட் கண்டன்சர் ஒன்று. கடைசியில் 7805 என்னும் மூன்று கால் ரெகுலேட்டர். இதைவிடச் சிறிய குடும்பம் மின்னணு உலகில் இல்லை என்றே சொல்லலாம். படத்தைப் பார்த்தபடி பையன் இதைக் கட்டிவிடுகிறான். மீட்டரை வைத்தால் 5 வோல்ட் காட்டுகிறது. அவனுக்கு ஒரே ஆனந்தம். பிறகு அரை ஆம்பியர் இழுக்கும் ஆம்ப்ளிஃபையர் ஒன்றை அதில் மாட்டுகிறான். பாட்டோடு சேர்ந்து ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் ஓயாமல் கேட்கிறது. எங்கே தவறு? ஒவ்வொரு சாமானும் நல்ல சாமான். ஒவ்வொரு இணைப்பும் படத்தில் உள்ளபடியே இருக்கிறது.

கணக்குப் போட்டால்தான் விஷயம் புலப்படும். 9 வோல்ட் என்பது மாறுதிசை மின்சாரத்தின் பயனுறு அளவு. அதன் உச்சம் 1.414 மடங்கு, அதாவது 12.7 வோல்ட். மின்சாரம் எந்த நேரத்திலும் பாலத்தின் இரண்டு டயோடுகளைத் தாண்டியே போகவேண்டியிருப்பதால் ஒன்றுக்கு 0.7 வீதம் 1.4 வோல்ட் அங்கே கழிந்து, கண்டன்சரில் 11.3 வோல்ட் சேரும். நமது மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி. பாலம் இரு பாதிகளையும் பயன்படுத்துவதால் கண்டன்சர் விநாடிக்கு நூறு தடவை நிரம்புகிறது. தொட்டியில் நூறு குடம் தண்ணீர் விட்டுவிட்டுக் கொட்டுகிறார்கள், அடியில் குழாய் மட்டும் விடாமல் திறந்தே இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு குடத்துக்கும் மறு குடத்துக்கும் நடுவே மட்டம் எவ்வளவு இறங்கும் என்பது தொட்டியின் அகலத்தைப் பொறுத்தது அல்லவா? அரை ஆம்பியர் குழாயும் 1000 மைக்ரோஃபாரட் தொட்டியுமாக இருந்தால், விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஏறக்குறைய 5 வோல்ட் இறங்கிவிடும். அதாவது 11.3-இலிருந்து 6.3-க்கு. ஆனால் 7805, தான் கொடுக்கும் 5 வோல்ட்டுக்கு மேல் சுமார் 2 வோல்ட் கூடுதலாக உள்ளே வந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். 7 வோல்ட்டுக்குக் கீழே அதன் கட்டுப்பாடு தளர்ந்து, வெளிவரும் மின்னழுத்தமும் கூடவே சரியும். விநாடிக்கு நூறு முறை அப்படிச் சரிந்து சரிந்து எழுவதுதான் அந்த இரைச்சல். கண்டன்சரை 2200 மைக்ரோஃபாரட் ஆக்கினால் இறக்கம் 2.3 வோல்ட்டோடு நின்றுவிடும், சத்தமும் அடங்கிவிடும்.

இதில் மிகவும் ரசமான அம்சம், மீட்டர் பொய் சொல்லாமலே பையனை ஏமாற்றிய விதம். மல்டிமீட்டரின் டி.சி. அளவை சராசரியைக் காட்டுவது. 6.3-க்கும் 11.3-க்கும் இடையே குதித்துக்கொண்டிருப்பதை அது சாவதானமாக ஒன்பதுக்குச் சற்றுக் குறைவு என்று காட்டும். ரெகுலேட்டரின் வெளிப்பக்கத்தில், கணநேரச் சரிவுகளையெல்லாம் விழுங்கிவிட்டு, ஏறக்குறைய ஐந்து என்று காட்டும். சென்னை ரிச்சி தெருவில் பழுதுபார்க்கும் கடை ஒன்றில், வேறொரு 7805 கேட்டு வந்து நின்ற மாணவனிடம் கடைக்காரர் பேசியது காதில் விழுந்தது. “லோடு போட்டுப் பாத்தியா தம்பி?” என்றார். “மீட்டர்ல கரெக்டா அஞ்சு காட்டுதுண்ணே” என்றான் அவன். “மீட்டருக்கு அஞ்சு காட்டும். பாட்டுக்குக் காட்டணுமே” என்று சொல்லிவிட்டு, அவர் ஏ.சி. அளவைக்குத் திருப்பி, ஒரு சிறு கண்டன்சரைத் தொடராக வைத்து, ரெகுலேட்டரின் உள்பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். டி.சி.யைத் தடுத்து, ஏற்ற இறக்கத்தை மட்டும் உள்ளே விடுவதற்காக அந்தக் கண்டன்சர். நம் தார்க்கிகர்கள் பிரத்தியட்சத்துக்கும் அனுமானத்துக்கும் உள்ள எல்லையைப் பற்றி எவ்வளவோ வாதித்திருக்கிறார்கள். ஒரு கருவி காட்டும் எண் கண்ணால் கண்டதாகாது, அதுவும் ஓர் அனுமானமே, அந்த அனுமானத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு என்னும் ஞானத்தை இத்தனை சுலபமாகப் புகட்டும் பாடம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அடாப்டர் வாங்கியவனுக்கு இந்தப் பாடம் கிட்டாது. அவனுடைய ஆம்ப்ளிஃபையரும் இரைந்தால், அவன் ஆம்ப்ளிஃபையரையே சந்தேகித்து அதில் உள்ளதையெல்லாம் கழற்றிக்கொண்டிருப்பான்.

இந்த அற்பச் சுற்று போதிப்பது இவ்வளவோடு முடியவில்லை. லோடு இல்லாதபோது 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் 9 வோல்ட் தராது. சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் சும்மா இருக்கையில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கூடுதலாகவே காட்டும். ‘தப்பான சாமானைக் கொடுத்துவிட்டான்’ என்று கடைக்காரனோடு சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. அந்தக் கூடுதலையும், லைனில் அழுத்தம் சில வேளைகளில் 250 வரை ஏறுவதையும் சேர்த்துப் பார்த்தால், 16 வோல்ட் என்று அச்சிட்ட கண்டன்சர் இந்த இடத்தில் எல்லையை முட்டிக்கொண்டு நிற்கும் என்பதும், 25 வோல்ட் கண்டன்சரை ஏன் போடச் சொல்கிறார்கள் என்பதும் தாமே விளங்கும். அதே போல, ஒருவழி மின்சாரமாக அரை ஆம்பியர் வேண்டுமானால் அரை ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் போதாது. கண்டன்சர், உச்சியின் அருகே மட்டும் அவசர அவசரமாக மின்சாரத்தை உறிஞ்சுவதால், டிரான்ஸ்ஃபார்மரின் சுருள் 1.6 முதல் 1.8 மடங்கு வரை சுமக்க நேரிடுகிறது.

உஷ்ணத்தை அவர்கள் குற்றமாகச் சொல்கிறார்கள். ஆசிரியனாக அதைவிட நல்லதொன்று இல்லை. சராசரியாகப் பத்து வோல்ட் உள்ளே வந்து ஐந்து வெளியே போனால், மீதி ஐந்து வோல்ட் அரை ஆம்பியரோடு சேர்ந்து இரண்டரை வாட் வெப்பமாகிறது. ஹீட் சிங்க் பொருத்தாத 7805, ஒவ்வொரு வாட்டுக்கும் சுமார் 50 பாகைக்குக் குறையாமல் சூடேறும்; அறையின் வெப்பத்தையும் கூட்டினால் உள்ளிருக்கும் சில்லு 150 பாகையைத் தாண்டப் பார்க்கும். அப்போது அது தன்னைத்தானே நிறுத்திக்கொள்கிறது. ஆறியதும் மறுபடி தொடங்குகிறது. விளக்கு அணைந்து அணைந்து எரிவதைக் கண்டவன் ‘லூஸ் கனெக்ஷன்’ என்று ஒயரை ஆட்டிக்கொண்டிருப்பான். தன்னைக் காத்துக்கொள்ளும் இந்தப் புத்தியை ரெகுலேட்டருக்குள்ளேயே வைத்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்காவின் நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனத்தில் இருந்த ராபர்ட் விட்லார், அவருடைய எல்.எம். 109 என்னும் ஐந்து வோல்ட் ரெகுலேட்டர் 7805-க்கு முன்னோடி. விரலைச் சுடும் அளவுக்குச் சூடாவதைத் தொட்டு அறிந்தவனுக்கு மின்சக்தி என்பது வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வரும் எண் என்று இன்னொருவர் சொல்லித்தரத் தேவையில்லை.

இந்தப் பொது அபிப்பிராயத்துக்கு ஓர் இளைய சகோதரனும் இருக்கிறான். கட்டுவதென்று முடிவு செய்துவிட்டாலும், படத்தைப் பின்பற்று, வேலை செய்யாவிட்டால் சாமான்களை ஒவ்வொன்றாக மாற்று, ஏதாவது ஒன்றில் சரியாகிவிடும் என்பது அவன் சொல்லும் யோசனை. இது அதைவிட மோசமானது. ஏனெனில் இது சில வேளைகளில் பலித்துவிடுகிறது. 7805-இல் இடமிருந்து உள்ளே வரும் கால், பொதுக்கால், வெளியே போகும் கால் என்பது வரிசை; அதன் எதிர்மறைச் சகோதரி 7905-இலோ பொதுக்கால் முதலிலும் உள்ளே வரும் கால் நடுவிலும் இருக்கின்றன; எல்.எம். 317-இல் திருத்தும் கால் முதலாவது, வெளியே போகும் கால் நடு. மூன்றும் பார்வைக்கு ஒரே உருவம். காலை மாற்றிச் சொருகியவன் எத்தனை புதிய ரெகுலேட்டர் வாங்கினாலும் அத்தனையும் பாழ். பிரெட்போர்டின் ஓரத்தில் ஓடும் மின்சார வரிசை பல பலகைகளில் நடுவே துண்டிக்கப்பட்டிருக்கும். அதை அறியாதவன் சாமான்கள் எல்லாவற்றையும் மாற்றி முடித்த பிறகும் சுற்று செத்தே கிடக்கும். இதற்கு மாறாக, டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரியில் ஏ.சி. இருக்கிறதா, கண்டன்சரின் இரு முனைகளில் டி.சி. இருக்கிறதா, ரெகுலேட்டரின் உள்பக்கக் காலிலேயே அது வந்து சேர்ந்திருக்கிறதா, வெளிப்பக்கத்தில் என்ன என்று வரிசையாகப் பார்த்து வந்தால், எந்த இரண்டு இடங்களுக்கு நடுவில் நல்லது கெட்டதாக மாறுகிறதோ அங்கேதான் குற்றவாளி இருக்கிறான் என்பது நிச்சயம். இந்த வரிசை மற்றெந்தச் சுற்றையும்விடப் பவர் சப்ளையில்தான் இவ்வளவு நேராக அமைந்திருக்கிறது. மின்சாரம் ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறுகிறது, நடுவில் கிளைவழி கிடையாது. துப்புத் துலக்கப் பழகுகிறவனுக்கு இதைவிடச் சாதுவான வழக்கு கிடைக்குமா?

‘பழையது’ என்ற ஆட்சேபம் ஒன்று பாக்கியிருக்கிறது. இன்றைய அடாப்டர்களில் இந்தப் பழைய முறை இல்லை, உயர் அதிர்வெண்ணில் மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கும் புதிய முறைதான் உள்ளது என்கிறார்கள். அந்த அடாப்டரைத் திறந்து பார்த்திருக்கிறார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. வாசலிலேயே நான்கு டயோடுகள் கட்டிய அதே பாலம்; அடுத்து அதே கண்டன்சர். வித்தியாசம் என்னவென்றால், அங்கே குறைப்பதற்கு முன்பே திருத்திவிடுவதால் கண்டன்சரில் நிற்பது 11 வோல்ட் அன்று, சுமார் 325 வோல்ட். வெட்டும் வேலையெல்லாம் அதற்குப் பின்னால்தான். அந்த உறுப்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதை 11 வோல்ட்டில் பழகிக்கொள்ளாதவன் 325 வோல்ட்டில் எப்படிப் பழகிக்கொள்வான்? அந்தப் புதிய சாதனங்கள் கெடும்போதும் அடிக்கடி கெடுவது அந்தப் பழைய உறுப்பே. எலெக்ட்ரோலிட்டிக் கண்டன்சரின் ஆயுள் ஒவ்வொரு 10 பாகை வெப்ப உயர்வுக்கும் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய சில வருஷங்களில் உலகெங்கும் கணினிகளின் தாய்ப்பலகைகளில் கண்டன்சர்கள் தலை வீங்கி வெடித்து ஓயாத தொல்லை கொடுத்ததை அந்தத் தொழிலில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இனி அபாயம் என்னும் வாதம். இதை நான் அலட்சியம் செய்யவில்லை. இதில் விட்டுக்கொடுக்க வேண்டியதை முழுமனத்தோடு விட்டுக்கொடுக்கிறேன். 230 வோல்ட் கொல்லும். பிரைமரி ஒயர்களைத் தொடக்கக்காரன் தனியே உட்கார்ந்து முறுக்கி டேப் சுற்றிவிடுவது கூடாது; பெட்டிக்குள் அடங்கி, ஃபியூஸும் ஸ்விட்சும் பொருத்தி, இணைப்புகள் முழுவதும் மூடப்பட்டு, தெரிந்த ஒருவர் பார்வையிட்ட பிறகே பிளக் சாக்கெட்டுக்குப் போகவேண்டும். முதல் தடவை மின்சாரம் கொடுக்கும்போது நம் மெக்கானிக்குகள் தலைமுறை தலைமுறையாகக் கையாளும் சீரிஸ் லாம்ப்பின் வழியாகவே கொடுக்கவேண்டும்: 25 அல்லது 40 வாட் பல்பு ஒன்றைத் தொடராக வைத்தால், உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு எரிந்து காட்டுமே தவிர டிரான்ஸ்ஃபார்மர் கருகாது. பழைய இழை பல்பாக இருக்கவேண்டும், எல்.இ.டி. பல்பு இந்த உத்தியோகத்துக்கு லாயக்கில்லை. இவ்வளவு நிபந்தனையோடு, செகண்டரிக்கு இப்பால் உள்ளதெல்லாம் அவன் கை தாராளமாக நடமாடக்கூடிய பிரதேசம்; டிரான்ஸ்ஃபார்மர் அவனுக்கும் மெயின்ஸ் லைனுக்கும் நடுவே மதில்போல் நிற்கிறது. கண்டன்சரைத் திருப்பிப் போட்டால் அது வெடிக்கக்கூடும், ஆகையால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்வது விவேகம். அதற்கு மேல் பயப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் அபாயத்தைச் சொல்லி அச்சுறுத்துகிறவர்களில் ஒரு சாரார், டிரான்ஸ்ஃபார்மர் விலை அதிகம் என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டு, 1 மைக்ரோஃபாரட் கண்டன்சரை நேரே மெயின்ஸில் தொடராக வைத்துச் சுமார் 70 மில்லிஆம்பியர் வரை எடுக்கும் சுற்றைத் ‘தொடக்கக்காரர்களுக்கு ஏற்ற எளிய சுற்று’ என்று சிபாரிசு செய்கிறார்களே, அதை என்னவென்று சொல்வது? சாமான் குறைவு, விலை குறைவு, எல்லாம் சரி, மதில் எங்கே? வெளியே வரும் இரண்டு ஒயர்களுக்கு நடுவே மீட்டர் 5 வோல்ட் காட்டும். அவற்றில் ஒன்றைத் தொட்டுக்கொண்டு ஈரத்தரையில் நிற்பவனுக்கோ முழு 230 வோல்ட்டும் கிடைக்கக்கூடும். விலை குறைந்த எல்.இ.டி. பல்புகள் சிலவற்றுக்குள் இந்தச் சுற்று மூடி வைக்கப்பட்டிருப்பதற்கு நியாயம் உண்டு, அங்கே யாரும் விரல் விடப்போவதில்லை. கற்பவனின் மேஜைமேல் அதற்கு இடமில்லை. எளிமைக்கும் பத்திரத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதை அறியாதவர்கள் அபாயத்தைப் பற்றிப் பேச அருகதை உள்ளவர்கள்தாமா?

இந்த அபிப்பிராயம் இவ்வளவு வேரூன்றியதற்குக் கல்விச் சாலைகளும் பொறுப்பு. ஆய்வுக்கூடத்தில் ‘டிரெய்னர் கிட்’ என்று ஒரு பெட்டி; அதன் முகப்பில் சுற்றுப்படம் அழகாக அச்சிடப்பட்டிருக்கும்; உள்ளே இருப்பது என்ன டயோடு, என்ன கண்டன்சர் என்று மாணவன் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு ஒயரைச் சொருகி, அலையின் வடிவத்தைப் பார்த்து, ரெக்கார்டு நோட்டில் வரைந்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடலாம். எதுவும் கெடாதபடி செய்யப்பட்ட பெட்டி அது. கெடாதிருப்பதே அதன் கெடுதல். பரீட்சையில் மாணவனுக்கு முன்னால் வைக்கவேண்டியது பாலத்தில் ஒரு டயோடின் காலை மட்டும் இரகசியமாகக் கழற்றிவிட்ட சப்ளையை. 2200 மைக்ரோஃபாரட் கண்டன்சர் இருந்தாலும் இப்போது அது விநாடிக்கு ஐம்பது தடவைதான் நிரம்பும். அரை ஆம்பியரில் இறக்கம் நாலரை வோல்ட் ஆகி, அடிமட்டம் 6.8 வோல்ட்டுக்கு வந்து ரெகுலேட்டரின் எல்லைக்குக் கீழே போய்விடும். லோடு இல்லாமல் அளந்தால் எல்லா இடத்திலும் எண்கள் நன்றாகவே இருக்கும். மதிப்பெண்ணைப் பழுது தீர்த்ததற்குத் தரவேண்டாம். எந்த வரிசையில் எதை அளந்தான், ஒவ்வோர் அளவிலிருந்தும் என்ன ஊகித்தான் என்று அவன் எழுதிவைத்ததற்குத் தரட்டும். அப்படி விடைத்தாள் திருத்துவது ஆசிரியர்களுக்குப் பெரிய சிரமம் என்பார்கள். சிரமந்தான், முதலில் அவர்களே அந்தச் சப்ளையை ஒருமுறை லோடு போட்டு அளந்து பார்த்திருக்க வேண்டும் அல்லவா?